நடு உத்தரம்

— இல்லை ரீச்சர், நிலவறையில இல்லை. நான் சொன்னா நம்புங்கோ. பதினாலு வருசமா இந்த மண்டபத்தின்ர திறப்பு என்ர இடுப்பிலதான் தொங்குது. கீழ கிடக்கிறது உடைஞ்ச கதிரையள், ஒரு ஊமைப் பியானோ, யேசு பாலன்ர நத்தார்க் குடிலுக்குச் செய்த மூண்டு ஒட்டகம். அவ்வளவுதான்.

— கேளுங்க றெனோல்ட், கேளுங்க. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷத்து லிஸ்ட், இதோ என் கையில இருக்கு. ‘பதினேழாம் எண். நடு உத்தரம். ஓக் மரம். நிலவறையில் வைக்கப்பட்டது.’ இருபதடி நீளம்! எறும்பு தூக்கிட்டுப் போயிடுமா?

— எறும்பு தூக்காட்டிக் கறையான் திண்டிருக்கும்.

— மான்ட்ரியால் குளிர்ல கறையானா? போங்க! மணி பத்து ஆயிடுச்சு. மூணு மணிக்கு மரபுக் கட்டடக் குழுவோட கடைசி விசாரணை. அந்த உத்தரத்தைக் காட்டலேன்னா நாளைக்கே இந்தக் கூடத்தை இடிக்க அனுமதி கொடுத்துடுவாங்க. என் மூணு வருஷ உழைப்பு போறது போகட்டும். உங்க ஜனங்க எங்க போவாங்க?

— அதை ஏன் கேக்கிறியள்? போன சனிக்கிழமையும் இஞ்ச ஒரு பெட்டை பெரியபிள்ளையான சாமத்தியவீடு. வாற மாதம் என்ர இளையவள் கிறேஸின்ர கலியாணம், அழைப்பிதழும் அடிச்சாச்சு. இந்த வாடகைக்கு இந்த ஊரில ஒரு கராஜ்கூடக் கிடையாது. அதுசரி, மேல கூரையில இத்தனை மரம் கிடக்குது, அதுகளைக் காட்டினா என்ன?

— அதெல்லாம் கறுப்புப் பெயின்ட் அடிச்சு, இரும்புப் பட்டை போட்டு மூடியாச்சு. ‘எல்லாமே நூறு வருஷத்து நகல், இங்கேயே செஞ்சது’ன்னு இடத்தை வாங்கினவங்களோட வக்கீல் அடிச்சுப் பேசறார். சரி, ஒரு சின்ன ஓட்டை போட்டுப் பாக்கறோம்னா, தொடவே விடமாட்டேங்கறாங்க. நடு உத்தரம் ஒண்ணுதான் யாரும் கைவைக்காதது. இங்கிலாந்துலேர்ந்து பிரிச்சு இங்க கொண்டுவந்து நிறுத்தினப்ப நிலம் பத்தலை, கூடத்தோட நீளத்தைக் குறைச்சுட்டாங்க. அதனால அது மிஞ்சிப் போச்சு.

— விளங்குது. ஆனா ரீச்சர், என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கினம். ‘திறப்புக்காரன், மிச்சம் ஒண்டும் தெரியாது’ எண்டு முழுசிக்கொண்டு நிக்கவோ? நீங்கள் மேல இருந்து எழுத, நான் தேத்தண்ணி கொண்டுவந்து வைச்சதோட சரி. இந்த மண்டபத்தின்ர கதையை ஒருக்காச் சொல்லுங்கோ. சுருக்கமா.

— சுருக்கமாவா! அறுநூறு வருஷத்தை!

— ஒரு கோப்பை தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்குள்ள.

— சரி. இங்கிலாந்துல ஹோல்ம்கோட்னு ஒரு கிராமம். அங்க சர் வால்டர்னு ஒரு பிரபு. இது அவரோட மாளிகைக் கூடம். சுத்துப்பட்டு நிலமெல்லாம் அவருது. குடியானவங்க வாரத்துல மூணு நாள் கூலியில்லாம அவர் வயல்ல வேலை செய்யணும். மகளுக்குக் கல்யாணம்னாகூட அவர்கிட்ட அனுமதி வாங்கணும்.

— எங்கட கோயில் பங்குச் சபை மாதிரி.

— சிரிக்காதீங்க. ஒருத்தன் செத்துட்டா, அவன் தொழுவத்துல இருக்கறதுலயே நல்ல மாட்டைப் பிரபு ஓட்டிட்டுப் போயிடுவார். அதான் வழக்கம்.

— செத்தவீட்டில போய் மாட்டை அவிழ்க்கிறதோ? கர்த்தரே! பங்குச் சபை பரவாயில்லை.

— இந்தக் கூடத்துல அப்ப நடுத் தரையிலதான் அடுப்பு. புகைபோக்கி கிடையாது, புகை அப்படியே கூரைக்குப் போகும். அந்தப் பக்கம், நீங்க கல்யாண மேடை போடறீங்களே, அங்க பிரபுவோட மேஜை. வாசல் பக்கம் ஜனங்க. சாப்பாடும் இங்கதான், நியாயம் கேக்கறதும் இங்கதான். மார்ஜரின்னு ஒருத்தி பீர்ல தண்ணி கலந்து வித்தான்னு இங்க நிக்கவெச்சு விசாரிச்சிருக்காங்க. ஒரே வருஷத்துல ஆறு தடவை!

— கெட்டிக்காரி. ஆறு தரமும் வித்து முடிச்சுப்போட்டுத்தான் வந்து நிண்டிருக்கிறாள்.

— எல்லாம் பிரபுவோட கணக்குப்பிள்ளை தோல் சுருள்ல எழுதி வெச்சிருக்கான். இப்ப முக்கியமான இடம். ஆயிரத்து முன்னூத்தித் தொண்ணூத்தி மூணு, நவம்பர். பழைய கூரை இறங்கிடுச்சு, புதுசா ஒரு பெரிய உத்தரம் வேணும். நாப்பது பேர், பதினாறு எருது, கொட்டற மழை. வில்லியம்னு ஒருத்தன் நடு வழியில எருதை அவிழ்த்துட்டான். ‘என் மாடு வராது, நானும் வரமாட்டேன்’னுட்டான்!

— பிறகு? என்ன செய்தவங்கள் அவனை?

— மூணு நாள் கட்டிப்போட்டாங்க. ஆனா அவன் எருது இல்லாமலேயே மரம் வந்து சேர்ந்துது. மாட்டுக்குப் பதிலா ஜனங்களே தோள் கொடுத்தாங்களாம். சுருள்ல அந்த வரியைப் படிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரலை, றெனோல்ட். நாம தேடறது அந்த மரத்தைத்தான்.

— அடியாத்தை! தோளில காவியே கொண்டுவந்தவங்கள்?

— அப்புறம் உள்நாட்டுப் போர்ல சிப்பாய்ங்க உள்ள குதிரை கட்டினாங்க. குடும்பம் நொடிச்சுது. கடைசியா இந்த ஊர்ச் சீனி வியாபாரி ஒருத்தர் மொத்தமா விலைக்கு வாங்கி, ஒவ்வொரு மரத்துலயும் நம்பர் அடிச்சு, கப்பல்ல ஏத்தி இங்க கொண்டுவந்தார். அவருக்கு அப்புறம் கன்னியர் பள்ளிக்கூடம். அப்புறம் உங்க சாமத்தியவீடு.

— இவ்வளவு இருந்தும் அந்தக் குழுத் தலைவி ஏன் முகத்தைச் சுழிக்கிறா?

— போன தடவை அந்த அம்மா நேருக்கு நேர் கேட்டாங்களே. ‘எங்கேயோ வெட்டி, கப்பல்ல வந்த இங்கிலீஷ் மரக்கட்டை. இந்த மண்ணுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நாங்க எதுக்குக் காப்பாத்தணும்?’னு.

— நாங்களும் விமானத்தில வந்து இறங்கின ஆக்கள்தான். எங்களையும் உதே கேள்வியோ?

— அதான், வயசைக் காட்டி வாயை அடைக்கணும்னு பாக்கறேன். அறுநூத்தி முப்பது வருஷம்னு நிரூபிச்சுட்டா இந்த நாட்டுல இதைவிடப் பழைய கூரை எது? இந்தாங்க, கடைசியா இந்தப் போட்டோவைப் பாருங்க. கூடத்தைப் பிரிக்கறதுக்கு முன்னாடி அங்கேயே எடுத்தது. இது நடு உத்தரம். நடுவுல வட்டத்துக்குள்ள ஆறு இதழ்ப் பூ தெரியுதா? தச்சன் காம்பஸ் வெச்சுக் கீறியிருக்கான். சூனியக்காரி உள்ள வராம இருக்கறதுக்கு.

— வெள்ளைக்காரனுக்கும் கண்ணூறு இருக்கோ! கொண்டாங்கோ பாப்பம்... 

— என்ன? றெனோல்ட்? போட்டோவை ஏன் ஜன்னல்கிட்ட கொண்டுபோறீங்க?

— ரீச்சர்... இந்த மரத்தை ஒருத்தன் தெரியாமல் அறுத்துப்போட்டான் எண்டு வைப்பம். அவனைப் பொலிஸ் பிடிச்சு மறியலில போடுமோ?

— அறுத்துட்டானா? யாரு?

— இந்தப் பூவை எனக்குத் தெரியும். இதில ஒரு இதழின்ர நுனி உடைஞ்சிருக்கும். இடக்கைப் பக்கம். உங்கட படத்தில வடிவாத் தெரியேல்லை. ஆனா உடைஞ்சிருக்கும்.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அறுத்தது நான்தான்.

— என்னது!

— சத்தம் போடாதேங்கோ. பதினொரு வருசத்துக்கு முந்தின கதை. அதுவரைக்கும் எங்கட பெரிய வெள்ளிச் சிலுவை பிளைவூட்டில செய்தது. ஒரு வருசம் வில்லரேயில சிலுவைப்பாதை போகேக்க காத்து ஒரு அடி அடிச்சுது பாருங்கோ, சிலுவை பறந்துபோய் ஒரு தெப்பனர் பெட்டிக்கடையின்ர கண்ணாடியை உடைச்சுக்கொண்டு உள்ள போட்டுது. கடைக்காரன் பியர்ப் பெட்டியளுக்கு நடுவில சிலுவையோட நிக்கிறான்! சனம் அழுறதோ சிரிக்கிறதோ எண்டு தெரியாமல் நிண்டது.

— றெனோல்ட், உத்தரத்துக்கு வாங்க!

— அதுக்குத்தான் வாறன். அண்டைக்கே சொன்னனான், இனி மன்னாரில காவினமாதிரிப் பாரமான சிலுவை ஒண்டு செய்யவேணும் எண்டு. நிலவறையில ஒரு மரம் கிடந்தது; நீங்கள் தேடுற உத்தரம் அதுதான் எண்டு இந்தப் பூவைக் காணுமட்டும் எனக்கு ஓடேல்லை. அப்ப இருந்த கன்னியர்மார், ‘கொண்டு போங்கோ, இடமாவது மிஞ்சும்’ எண்டவை. லாசாலில ஜெராட்டின்ர மரப் பட்டறைக்குக் கொண்டுபோய் நெடுக்காப் பிளந்து... பூ இருந்த பக்கத்தை மட்டும் தொடேல்லை, ரீச்சர். வடிவா இருந்தது எண்டு விட்டிட்டன். 

— அறுநூறு வருஷ மரத்தை... ரம்பத்தால...

— ரம்பமில்லை. பெரிய மெசின்.

— வாயை மூடுங்க! மூணு வருஷமா நான் லண்டனுக்கும் இங்கேயும் மெயில் அனுப்பித் தேடறேன், நீங்க அதைத் தெருத்தெருவாத் தூக்கிட்டுப் போயிருக்கீங்க! அதே மாதிரி தோள்ல!... ஒரு நிமிஷம். இருங்க. குறுக்கா வெட்டினீங்களா? எங்கேயாவது, ஒரு இடத்துலயாவது குறுக்கா?

— ஓம். சிலுவை நிமிர்ந்து நிக்க ஒரு அடிக்கட்டை வேணுமெல்லோ? அது முழு மரத்தில ஒரு துண்டு. ஏன்?

— ஏனா? குறுக்கா வெட்டின முகத்துல மரத்தோட வயசு அத்தனையும் எழுதியிருக்கும், மனுஷா! எங்க இருக்கு அது?

— கோயிலில. பத்து நிமிச ஓட்டம். ரீச்சர், சப்பாத்து! சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஓடுங்கோ!

*

— அப்பா, கட்டையை ஆடாமல் பிடியுங்கோ. அன்ரி, நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, தூசு.

— றெனோல்ட், உங்க பொண்ணு நிஜமாவே இந்த வேலைதான் பாக்கறாளா?

— ஓம் ரீச்சர், என்ர மூத்தவள் ஜொய்சி. யூனிவேர்சிற்றியில மரத்துக்கு வயசு பாக்கிற இடம். ‘மரம் எண்ணுறதுக்கும் ஒரு படிப்போ’ எண்டு நான் ஏசினதை இண்டைக்கு வாபஸ் வாங்கிறன்.

— எட்டு வருசமா மரம் பாக்கிறன், ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் இந்தச் சிலுவையில வாய் வைச்சு முத்தி செய்யிறன். ஒருநாளாவது ஒழுங்காப் பாக்கேல்லையே எண்டுதான் எனக்கு விசர் பிடிக்குது.

— கண்ணை மூடிக்கொண்டெல்லோ முத்தி செய்யிறது. அதில பிழையில்லை, பிள்ளை.

— இப்ப இங்க ஒரு அம்மா வந்து, அந்தப் பூ மேல கைவெச்சுட்டுப் போனாங்களே?

— அது அக்னெஸ் அக்கா. மகனுக்கு மண்டையில ஒப்பரேசன் நடந்த நாளிலயிருந்து வாறவ. பூவைத் தொட்டுத்தான் மண்டாடுவா. அவவுக்கு உந்தச் சூனியக்காரி கதையைச் சொல்லிப்போடாதேங்கோ.

— நான் ஏன் சொல்றேன்? கெட்டது உள்ள வரக்கூடாதுன்னுதான் அந்தத் தச்சனும் கீறினான். அந்த அம்மாவும் அதைத்தானே கேக்கறாங்க.

— வுவாலா! இஞ்ச வந்து பாருங்கோ, அன்ரி. மினுக்கின உடனே எப்பிடி வந்திட்டுது! ஒரு வளையம் ஒரு வருசம். நல்ல மழை எண்டால் அகலம், வறட்சி எண்டால் ஒடுக்கம். இந்த அகலம் ஒடுக்கம் போற வரிசை இருக்குதெல்லோ, அது கைரேகை மாதிரி. ஒரு நாட்டு மரங்களின்ர லிஸ்டோட வைச்சுப் பாத்தால் எந்த வருசம் வெட்டினது எண்டு கொம்பியூட்டர் சொல்லும்.

— எத்தனை நேரம் ஆகும்?

— மற்ற நேரமெண்டால் ரெண்டு கிழமை.

— ஜொய்சி!

— பகிடிக்கு, அன்ரி. படம் எடுத்துக்கொண்டு இப்பவே லாபுக்கு ஓடுறன். அட, இதையும் பாருங்கோ! ஓரத்தில பட்டை இருந்த இடம் அப்பிடியே இருக்கு! வெட்டின வருசம் மட்டுமில்லை, பனிக்காலமோ வெயில்காலமோ எண்டும் சொல்லலாம்.

— நவம்பர்னு வரும், பாரேன். தொண்ணூத்தி மூணு நவம்பர், கொட்டற மழை. என் சுருள் பொய் சொல்லாது.

— அப்பா, நீங்கள் நேரா வெட்டினது நல்லதாப் போச்சு. இவ்வளவு துப்பரவான முகம் எங்கட லாபிலேயே கிடைக்காது.

— கேட்டீங்களோ ரீச்சர்? இனியாவது என்னைக் கொலைகாரனைப் பாக்கிறமாதிரிப் பாக்காதேங்கோ.

*

— இந்தக் கூம்பெல்லாம் என்னத்துக்கு? எந்தத் தெருவுல போனாலும் செம்மஞ்சள் கூம்பு! ரெண்டரை ஆயிடுச்சு, றெனோல்ட்!

— பொறுங்கோ, பொறுங்கோ. இந்த ஊரில றோட்டு போடுறதுக்குக் கூம்பு வைக்கிறேல்லை. கூம்பு வைக்கிறதுக்காகத்தான் றோட்டைக் கிண்டுறது. வேனுக்குப் பின்னால கட்டை உருளுதோ எண்டு பாருங்கோ.

— நான் கையால பிடிச்சிட்டிருக்கேன். ஜொய்சி ஏன் இன்னும் கூப்பிடலை?

— கூப்பிடுவாள். நீங்கள் கதைக்கிறதை ஒருக்காச் சொல்லிப் பழகுங்கோ.

— சொல்லட்டுமா? ‘தலைவர் அவர்களே, உங்க முன்னாடி இருக்கறது மரக்கட்டை இல்லை. ஆயிரத்து முன்னூத்தித் தொண்ணூத்தி மூணாம் வருஷம், நாப்பது ஏழை ஜனங்க தோள் கொடுத்துத் தூக்கினது. இன்னிக்கு இந்த நகரத்துல, பெரிய வெள்ளிக்குப் பன்னெண்டு தமிழ் ஜனங்க தோள் கொடுத்துத் தூக்கறது...’

— ஐயோ, எனக்கு மயிர்க்கூச்செறியுது. உதைக் கேட்டிட்டும் இடிக்கச் சொன்னா அவ மனுசியில்லை.

— போன்! போன் அடிக்குது! ஸ்பீக்கர்ல போடுங்க!

— ஹலோ ஜொய்சி! சொல்லு பிள்ளை, கெதியா!

— அப்பா, அன்ரி பக்கத்தில நிக்கிறாவோ? அன்ரி, வருசம் கிடைச்சிட்டுது. ஆனா உங்கட வருசம் இல்லை.

— என்ன சொல்றே?

— மரம் வெட்டினது ஆயிரத்து எண்ணூற்றிப் பத்தாம் ஆண்டு பனிக்காலம்.

— எண்ணூறா? ஆயிரத்து எண்ணூறா? இல்லம்மா, தப்பா எண்ணியிருப்பே. இன்னொரு தரம் எண்ணு.

— மூண்டு தரம் எண்ணினனான், அன்ரி. ஆனா ஒருக்காக் கேளுங்கோ...

— நானூறு வருஷம் தப்பா? நானூறா?... ஐயய்யோ. தீ. றெனோல்ட், தீ விபத்து.

— எங்க தீ? வேனிலயோ?

— ஹோல்ம்கோட்ல! ஆயிரத்து எண்ணூத்திப் பன்னெண்டுல. வீட்டுக்காரன் தம்பிக்கு எழுதின கடுதாசி எங்கிட்ட இருக்கு. சமையலறை போச்சு, கூடத்துக் கூரையில பாதியும் போச்சுன்னு எழுதியிருந்தான். காசு கேக்கறதுக்காக மிகைப்படுத்தறான்னு நானே அந்த வரியை ஒதுக்கித் தள்ளிட்டேன். எனக்கு என் நாப்பது பேர் வேணும், கொட்டற மழை வேணும். அந்த உத்தரம் எரிஞ்சே போச்சு. இது அதுக்குப் பதிலா வாங்கிப் போட்டது.

— அன்ரி, நான் சொல்லுறதை...

— வேனைத் திருப்புங்க, றெனோல்ட்.

— திருப்பேலாது.

— என்னன்னு போய்ச் சொல்றது? இருநூறு வருஷ மரம்னா? இந்த ஊர்ல மாதா கோயில் கதவுகூட அதைவிடப் பழசு! அந்த அம்மா சிரிப்பாங்க. ‘இங்கிலீஷ் மரக்கட்டை, அதுவும் பழசில்லை’ம்பாங்க.

— சிரிக்கட்டும். கிறேஸின்ர கலியாணத்தை எங்க வைக்கிறது எண்டு அவவிட்டக் கேக்கத்தான் போறன். நீங்கள் வேண்டாமெண்டால் வேனுக்குள்ள இருங்கோ. நான் கட்டையைக் காவிக்கொண்டு போய் அவவின்ர மேசையில வைப்பன்.

— எதை நிரூபிக்கறதுக்கு?

— ஒண்டையும் நிரூபிக்க இல்லை! எங்கட சனம் பதினொரு வருசம் காவின மரம், அதுக்கு!

— ரெண்டு பேரும் ஒருக்கா வாயை மூடுறியளோ!

— ஜொய்சி, ரீச்சருக்கு முன்னால என்ன கதை இது?

— வேறென்ன செய்ய? நான் இன்னும் சொல்லி முடிக்கேல்லை. இங்கிலாந்து லிஸ்டில இது பொருந்தவே இல்லை. ஒரு இடத்திலயும். அயர்லாந்து லிஸ்ட், போலந்து லிஸ்ட், எல்லாம் போட்டுப் பாத்தன். ஒண்டும் இல்லை.

— பொருந்தலைன்னா எண்ணூத்திப் பத்துன்னு எப்படி வந்துது?

— கடைசியா, மெசின் பழுதோ எண்டு பாக்க, எங்கட லாபின்ர சொந்த லிஸ்டைப் போட்டன். நூற்றி நாப்பத்தெட்டு வளையமும், அன்ரி, ஒண்டுக்குமேல ஒண்டு அச்சு மாதிரிப் போய் இருந்திட்டுது! நான் லாபில கத்தின கத்தலில புரொபெசர் ஓடிவந்து, இப்ப அவரும் கத்திக்கொண்டு நிக்கிறார்.

— இரு, இரு. உங்க லாபோட சொந்த லிஸ்ட்னா... அது எந்த ஊர் மரம்?

— ஒட்டாவா ஆத்தங்கரை மரம், அன்ரி. இஞ்ச முளைச்சு, இஞ்ச வெட்டி, இஞ்சயிருந்துதான் இங்கிலாந்துக்குக் கப்பலேறிப் போயிருக்கு!